குள்ளன் போட்ட நிபந்தனை

வெள்ளாரந்துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது பிள்ளைகளை டாக்டரிடம் காட்டினீர்களா என்றுதான். காட்டாமல் இருப்பார்களா, பெற்ற வயிறு சும்மா கிடக்குமா, நாகர்கோவிலில் காட்டினார்கள், திருவனந்தபுரத்தில் காட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள், எலும்பைப் படம் பிடித்தார்கள், பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை, வளரவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே டாக்டர் பேச்சை இத்தோடு விட்டுவிட்டு, அந்தப் பிள்ளைகள் எதற்காக வளராமல் நின்றார்கள் என்பதையும், அதை அந்த ஊர் எப்படிச் சோற்றோடு பிசைந்து தின்று பழகிக்கொண்டது என்பதையும், கடைசியில் பெர்பெத்தா என்ன செய்தாள் என்பதையும் கேளுங்கள்.

பெர்பெத்தா கருவாட்டு வியாபாரி. அவள் வாய்க்குப் பயந்து கடற்கரையில் ஏலம் விடுகிறவனே ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் விலையைச் சொல்வான். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், அடிபட்டுப் படித்தது மிச்சம். யாருக்கும் எதையும் சும்மா கொடுக்க மாட்டாள், யாரிடமும் எதையும் சும்மா வாங்கவும் மாட்டாள். சும்மா வந்ததை மனுஷன் நம்பவும் மாட்டான், மதிக்கவும் மாட்டான் என்பது அவள் கட்சி.

சின்ன வயதில் அவளைச் சென்னையில் ஒரு பெரிய வீட்டில் பிள்ளை பார்க்க விட்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் தோறும் ஒரு கடிதம் வரும். பனி விழும் ஊரில் கிறிஸ்மஸ் தாத்தாவுக்குப் பொம்மை செய்து கொடுக்கிற குள்ளர்கள் இருக்கிறார்களாம், அதில் ஒரு குள்ளன் அந்தப் பிள்ளையின் பேரைப் போட்டு, அது அந்த வருஷம் செய்ததையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்ததுபோல எழுதுகிற கடிதமாம். எழுதுவது அந்த வீட்டு அம்மாள். ஆனால் தன் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பது அம்மாளுக்குத் தெரியாது, பெர்பெத்தாவைத்தான் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கேட்பாள். நல்லது செய்தாய் என்று எழுதியதை எந்தப் பிள்ளையும் சட்டை பண்ணவில்லை, ஒளித்துச் செய்த சேட்டையை எழுதியிருந்த இடத்தில்தான் அது வாய் பிளந்து குள்ளனை நம்பியது என்பதைக் கதவோரம் நின்று பார்த்து, அந்தச் சிறுபெண் மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

ததேயுவைக் கட்டிக்கொண்டு ஊரோடு வந்தபிறகு அந்த வேலையை அவள் வெள்ளாரந்துறையில் தொடங்கினாள். டிசம்பர் பிறந்தால் வீடு வீடாகப் போய், பிள்ளையின் காதில் விழாத இடமாகத் தாயை நிறுத்தி, ஒரு நன்மையும் ஒரு சேட்டையும் கேட்டு வாங்குவாள். அச்சுமுறுக்கோ முந்திரிக்கொத்தோ கூலி. கிறிஸ்மஸ் அன்று காலையில் வீட்டில் ஜோடித்த பாலன் குடிலில் பொம்மை மாட்டுக்குக் கீழே வைக்கோலுக்குள் கடிதம் கிடக்கும்.

"மைனி, எம் மகனுக்குச் சேட்டையை விட்டுட்டு எழுதுங்க. நல்ல நாளும் அதுவுமா பிள்ள அழும்," என்பாள் தெக்லா. பெர்பெத்தாவின் தம்பி சிலுவையின் பெண்டாட்டி அவள், ஒரே மகன் ஆன்றோ தும்மினாலும் மெழுகுவர்த்தியோடு குருசடிக்கு ஓடுகிறவள்.

"சேட்டை இல்லாம கடுதாசி இல்ல. என்ன பண்ணினான், சொல்லு."

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணுமே பண்ணாதவன் செத்தவன்தான். செத்தவனுக்குக் குள்ளன் எழுத மாட்டான்."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா மைனி." தெக்லா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவாள். "கோயில் குடில்ல இருந்த ஆட்டுக்குட்டிய சட்டைக்குள்ள ஒளிச்சுக் கொண்டு வந்துட்டான். சாமியாரு இன்னும் தேடிட்டு இருக்காரு."

"இது கடுதாசி," என்பாள் பெர்பெத்தா.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஊர் ஆண்கள் கரையைவிட்டுப் போனால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிப்பவர்கள். திரும்பி வருகிற அன்றைக்கு ஒவ்வொருவனும் வாசலில் நின்று தன் பிள்ளையைப் பார்த்து, "இது யார் வீட்டுப் பிள்ளைட்டி, இவ்வளவு உசரமா, எம் பிள்ளைய எங்க?" என்று கேட்பான். "நான்தாம்ப்பா, நான்தான்," என்று பிள்ளை அழுதுகொண்டு காலைக் கட்டும்வரை விட மாட்டான். அது அந்த ஊரில் அப்பன்மார் கொஞ்சுகிற முறை.

அந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் அடித்த புயலில் ஆரோக்கிய தீபம் என்ற படகு திரும்பவில்லை. அதில் ததேயு இருந்தான், சிலுவை இருந்தான், அதே தெருவைச் சேர்ந்த இன்னும் சிலர் இருந்தார்கள். தேடினவர்கள் ஒரு பலகைகூடக் கிடைக்காமல் வந்தார்கள். உடல் கிடைக்காதவன் செத்தவன் அல்ல, காணாமல் போனவன்; அரசாங்கத்துக்கும் அப்படித்தான், கோயில் மணிக்கும் அப்படித்தான். கிறிஸ்மஸ் நெருங்கியபோது அந்தத் தெருப் பெண்கள் முகம் வீங்கிப் போய்ப் பெர்பெத்தாவின் வீட்டுக்கு வந்தார்கள். பெர்பெத்தாவின் முகமும் அப்படித்தான் இருந்தது.

"பொம்மை வேண்டாம், பென்சில் டப்பா வேண்டாம் மைனி," என்றாள் தெக்லா. "அப்பா வந்துருவாருன்னு மட்டும் எழுதுங்க. பிள்ளைங்க சோறு திங்க மாட்டேங்குதுக."

"வருவாருன்னு சும்மா எழுதினா நம்பாதுக. பதிலுக்கு ஏதாவது கேக்கணும்."

"அதுககிட்ட கேக்கதுக்கு என்ன இருக்கு?"

பெர்பெத்தா அதை யோசித்தாள். அன்று உட்கார்ந்து, அழுகிற நேரம் அழுது, எழுதுகிற நேரம் எழுதி, அப்பன் திரும்பாத ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் சேட்டையை எழுதிய பிறகு, எல்லாவற்றிலும் கடைசியாக ஒன்றையே எழுதினாள்: அப்பா வருவார், ஆனால் அதற்கு நீ ஒன்று செய்ய வேண்டும், அவர் வரும்வரை இப்போது இருக்கிறபடியே இரு, வளர்ந்துவிட்டால் அவருக்கு அடையாளம் தெரியாது, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். தன் மகள் ஜெசிந்தாவுக்கும் அதையேதான் எழுதினாள். வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் சமர்த்தாக இரு என்று சொல்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டிருக்கும். வெள்ளாரந்துறைப் பிள்ளைகள் கேட்டதைக் கேட்டபடி கொடுத்தார்கள். வளர்வதை நிறுத்திக்கொண்டார்கள்.

முதலில் கண்டுபிடித்தவர் தையல்காரர். அடுத்த கிறிஸ்மசுக்கு அளவெடுத்தவர், போன வருஷத்து அளவுக்கே தைத்திருக்கலாமே, என்னை எதற்கு வேலை மெனக்கெட்டுக் கூப்பிட்டீர்கள் என்று சலித்துக்கொண்டார். பிறகு முடிவெட்டுகிறவர், இந்தத் தெருப் பிள்ளைகள் தலையில் கத்தரிக்கு வேலையே இல்லை என்றார். நகம் வெட்ட வேண்டியிருக்கவில்லை, பால்பல் ஆடவில்லை, செருப்புத் தேய்ந்ததே தவிரக் கால் பெரிதாகவில்லை. டாக்டர்மார் கைவிரித்த பிறகு ஊர் கொஞ்ச நாள் பேசியது, பிறகு மழை பெய்கிறதா இல்லையா என்பதைப்போல அதையும் பேச்சின் நடுவில் சொல்லிவிட்டுப் போகப் பழகியது. பள்ளிக்கூடத்துத் தலைமை சிஸ்டர் அவர்களை ஒன்றாம் வகுப்பின் முதல் பெஞ்சிலேயே வைத்திருந்தார், புதிதாகச் சேர்ந்து அழுகிற பிள்ளைகளைச் சமாதானம் பண்ணுவதற்கு அவர்களைவிட நல்ல ஆள் கிடையாது. பஸ் கண்டக்டர் பார்த்தும் பாராமல் அரை டிக்கெட்டே கிழித்தார். கோயிலில் கிறிஸ்மஸ் நாடகத்துக்கு வருஷா வருஷம் அவர்கள்தான் சம்மனசுகள், இறக்கை புதிதாகத் தைக்க வேண்டியதில்லை, வசனம் மறக்கிற பேச்சே இல்லை. புயலின்போது தெக்லாவின் வயிற்றில் இருந்த பெண்குழந்தைக்கு யாரும் கடிதம் எழுதியிருக்கவில்லை, அது பிறந்து, தவழ்ந்து, நடந்து, ஆன்றோவின் தோளைத் தொட்டு, அவனைத் தாண்டிப் போய், தன் அண்ணனைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. ரோட்டில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்க்காதது மட்டுமா, அதைப் பிடித்துக்கொண்டே அந்தத் தெருப் பெண்கள் உயிர் வைத்திருந்தார்கள். "பிள்ள வளரலியே. அப்போ அவரு எங்கியோ இருக்காருன்னுதானே அர்த்தம்?" என்று ஒருத்தி குழாயடியில் கேட்டாள், கேட்ட அன்றைக்கே அது ஊரின் வேதமாகிவிட்டது. தலையில் பூ வைத்தார்கள், சிவப்புச் சேலை கட்டினார்கள், தாலியை மஞ்சளில் நனைத்தார்கள். செத்ததாகச் சான்றிதழ் வாங்கினால்தான் உதவி கிடைக்கும் என்று தாளோடு வந்த அதிகாரியை வாசலோடு அனுப்பினார்கள். ஆன்மா இளைப்பாற ஒரு பூசை வைத்துவிடலாமே என்று பங்குச்சாமியார் மெதுவாக எடுத்தபோது தெக்லா எழுந்து நின்றாள்.

"வைங்க சாமி. ஆனா எங்க ஆளுக பேரைச் சொல்லி வெச்சிராதீங்க. பிள்ளைங்க காதுல விழுந்து அதுக வளந்து தொலைச்சிட்டா யாரு பதில் சொல்லுவா? நீங்களா?"

சாமியார் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வெளியூரிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். மகன் கடலுக்குப் போய்விடக் கூடாது, வளைகுடாவுக்குப் போய்விடக் கூடாது, ஒருத்தியை இழுத்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது, மடியிலேயே கிடக்கும்படி ஒரு கடுதாசி எழுதிக் கொடு தாயே என்று காலில் விழுந்தார்கள். பெர்பெத்தா கருவாடு கூட்டுகிற விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அவர்களைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் விரட்டினாள். ஆனால் தன் தெருப் பெண்கள் டிசம்பரில் வந்து நின்றால் மறுக்க மாட்டாள், பழைய வரியையே திரும்ப எழுதிக் கொடுப்பாள். ஜெசிந்தாவுக்கும் எழுதுவாள். எழுதும்போது கை வலிக்கும். ததேயு வாசலில் வந்து நின்று யார் வீட்டுப் பிள்ளைட்டி என்று கேட்பானா என்று அவளும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள், அதை மறைத்து என்ன பயன்.

ஜெசிந்தாவோடு ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்ற பக்கத்து வீட்டுப் பெண் வயதுக்கு வந்தாள். சடங்குக்குப் பந்தல் போட்டார்கள். ஜெசிந்தா சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று பூத்தட்டுப் பிடித்தாள். மாலையோடு மணையில் உட்கார்ந்திருந்தவளை அவள் பார்த்த பார்வையைப் பெர்பெத்தா பார்த்துவிட்டாள். முகம் குழந்தை முகம், பார்வை மட்டும் மணையில் இருந்தவளின் வயதுடையதாக இருந்தது. அன்று பெர்பெத்தா விருந்தில் கை நனைக்காமல் எழுந்து வந்தாள்.

அதற்குப் பிறகுதான் லிபின் படுத்தான். அதே படகில் போனவன் ஒருவனின் மகன் அவன், மெற்றில்டாவின் பிள்ளை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, படுத்தவன் எழுந்திருக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் ஒரு வயதான டாக்டர் நெஞ்சில் வெகுநேரம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒரே சட்டையை எத்தனை வருஷம்மா போட முடியும், நைந்து போச்சு," என்றார். லிபினைச் சின்னப் பெட்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டு வந்தார்கள். மெற்றில்டா அவன் கையில் குள்ளனின் கடிதத்தைத் திணித்தாள். மற்ற பெண்கள் அழுதார்கள், அழுதபடியே, அவன் அப்பாவைத் தேடிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டான், கொடுத்து வைத்தவன் என்று பேசிக்கொண்டார்கள்.

"கொடுத்து வெச்சவனா?" என்றாள் பெர்பெத்தா. சத்தம் பீடம்வரை கேட்டது. "அடுத்த பெட்டி யார் வீட்டுப் பிள்ளைக்குன்னு சீட்டுப் போட்டுக்கிடுங்கட்டி."

ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த கையோடு தாளை எடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சேட்டை எதுவும் எழுதாமல், பதிலுக்கு எதுவும் கேட்காமல், குள்ளன் பேரைப் போட்டு எழுதினாள்: ஜெசிந்தா, நான் சொன்னது தப்பு, உன் அப்பா வரமாட்டார், இனி நீ வளரலாம். மடித்து மகளின் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தாள்.

ஜெசிந்தா பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். மறுநாளும் போனாள், வந்தாள். போன உயரத்திலேயே வந்தாள். சனிக்கிழமை மத்தியானம், மணலில் பாய் விரித்துச் சாளையைக் காயப்போட்டிருந்த இடத்தில், தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் குந்தியிருந்து மீனைத் திருப்பிப் போட்டார்கள்.

"பையில ஒரு கடுதாசி இருந்துதே, படிச்சியா?"

"படிச்சேன்."

"என்ன எழுதியிருக்கான்?"

"அப்பா வரமாட்டாரு, நீ வளரலாம்னு."

"பொறவு ஏன் இப்படியே இருக்க?"

ஜெசிந்தா ஒரு மீனைத் திருப்பினாள், அடுத்ததையும் திருப்பினாள். "குள்ளன் சொன்னா நான் எதுக்கு வளரணும்? அவன் யாரு எனக்கு?"

"மொதல்ல சொன்னப்போ கேட்டியே."

"அது குள்ளன் சொல்லலியே. நீ சொன்ன."

பெர்பெத்தாவின் கை பாயின்மேல் நின்றது.

"பனி விழுத ஊருல இருந்து வார கடுதாசில கருவாட்டு நாத்தம் அடிக்குமாம்மா?" என்றாள் ஜெசிந்தா. "எல்லாருக்கும் தெரியும். ஆன்றோவுக்குத் தெரியும், லிபினுக்கும் தெரிஞ்சிருந்துது. நீங்க எல்லாரும் அழுதுட்டே இருந்தீங்க. வளராதேன்னு கேட்டீங்க. சரி, அதையாவது குடுப்போம்னு குடுத்தோம்."

"அப்போ இப்பம் நான் சொல்லுதேன். வளரு."

"அது பத்தாது."

"வேற என்ன வேணும் உனக்கு?"

"அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லு. நீ சொல்லு, குள்ளன் வேண்டாம்."

"நீ மொதல்ல கொஞ்சம் வளந்து காட்டு. பொறவு நான் சொல்லுதேன்."

"மாட்டேன்."

"சாயங்காலம் சொல்லுதேன்."

"இப்பச் சொல்லு."

எத்தனை ஏலம் பார்த்தவள், எத்தனை பேரை ஒரு முறைப்பில் இறங்க வைத்தவள், இந்தச் சின்ன முகத்தில் இறங்குவதற்கு ஒரு படிகூட இல்லை என்பதைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள், அது எதுவும் தெரியாததுபோலக் கிடந்தது. தெருவைப் பார்த்தாள், பெண்கள் சிவப்பும் பச்சையுமாகச் சேலை கட்டி வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். இதைச் சொன்னால் தன் வாயாலேயே ததேயுவைச் சாகடித்ததாகும் என்று அவளுக்குத் தெரிந்தது, சொல்லாவிட்டால் மகளைச் சின்னப் பெட்டியில் வைக்க வேண்டிவரும் என்பதும் தெரிந்தது, இரண்டையும் தூக்கிப் பார்த்தாள், எவ்வளவு நேரம் தூக்கிப் பார்த்தாலும் இரண்டும் இறங்கவில்லை.

"உங்க அப்பா செத்துப் போயிட்டாரு ஜெசி," என்றாள். "புயலடிச்ச அன்னைக்கே செத்துட்டாரு. வரமாட்டாரு."

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். முதலில் சட்டையின் தோள் தையல் விட்டது. பிறகு முதுகு. தடுத்து வைத்திருந்த வருஷங்கள் எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அவளுக்குள் இறங்க, கால் எலும்பு நீள்கிற சத்தம் பச்சை மட்டையைக் கிழிப்பதுபோலக் கேட்டது, பால்பற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து மீனோடு மீனாகப் பாயில் விழுந்தன, தலைமுடி கழுத்தைத் தாண்டி முதுகைத் தாண்டி இறங்கியது, வலி தாங்காமல் அவள் தாயின் கையைக் கடித்தாள், பெர்பெத்தா கையை இழுக்கவில்லை, கடி மக்கா, நல்லாக் கடி என்று சொல்லிக்கொண்டே தன் சேலையை அவிழ்த்து மகளைச் சுற்றினாள், சுற்றச் சுற்ற உடம்பு நீண்டுகொண்டே போனது, ரத்தம் வந்தது, அதுவும் வளர்ச்சியோடு வருகிற ரத்தம்தான், அதையும் துடைத்தாள், வெயில் சாய்கிறவரை அது நடந்தது. முடிந்தபோது பெர்பெத்தாவின் காதுவரை உயரமான ஒரு பெண், புதுக்கால்களை மடக்கத் தெரியாமல், மணலில் நீட்டிப்போட்டுப் படுத்து, அப்பா அப்பா என்று பெரிய மனுஷியின் குரலில் அழுதாள். அத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பெயரைச் சொல்லி அழுதது அன்றைக்குத்தான்.

தெருப் பெண்கள் வலையைப் போட்டுவிட்டு வந்து காயப்போட்ட பாய்களுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். ஒருத்தியும் கிட்ட வரவில்லை. சிலர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தங்கள் வீட்டுப் பிள்ளைகள் வந்து பார்ப்பதற்குமுன் கதவைச் சாத்த ஓடினார்கள். ஆன்றோ ஏற்கெனவே வந்துவிட்டிருந்தான். தெக்லா அவனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு பாய்களை மிதித்துத் தாண்டி வந்தாள்.

"என்ன காரியம் பண்ணினீங்க மைனி?"

"எம் மகளைப் பிழைக்க வெச்சேன்."

"உங்க மகளை மட்டுமா?" என்றாள் தெக்லா. "ஒரே படகுல போனவங்கதானே. உங்க புருஷன் செத்துட்டாருன்னா, எம் புருஷனும்ல செத்துட்டாரு."

சொல்லி முடித்தபிறகுதான் அவள் கையால் வாயைப் பொத்தினாள். சிலுவை பெர்பெத்தாவுக்குத் தம்பி, முதுகில் தூக்கி வளர்த்த தம்பி.

ஆன்றோ தாயின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தான்.

"அம்மா," என்றான், "என்னைக் கீழ விடு."

தெக்லா விடவில்லை. இரண்டு கையாலும் அவனை இடுப்போடு இறுக்கி, இல்லடா, இல்லடா மக்கா, அம்மா சும்மா சொன்னேன் என்று அவன் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் பிடித்திருக்கும்போதே அவன் கால்கள் அவள் தொடையைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, இறங்கி, மணலில் ஊன்றின.